கட்டவிழ்ந்த ஊடகமும் காட்ட வேண்டிய ஆதாரமும்



தொலைக்காட்சிச் சேனல்களைக் குறை சொல்லாத நாள் நம் சமுதாயத்தில் ஒன்று உண்டா? தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போதும் அதே பேச்சு; திருமண விருந்தில் ஸஹனைச் சுற்றி அமரும்போதும் அதே பேச்சு. 'நம்மைப் பற்றி என்னவெல்லாம் சொல்கிறார்கள், பார்த்தீர்களா?' என்று ஒருவர் தொடங்கினால் பத்துப் பேர் சேர்ந்து கொள்கிறார்கள். இந்தக் குமுறலில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் குமுறல் வேறு, நிரூபணம் வேறு. குமுறலை வாசலிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நிரூபணத்தை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். விசாரணைக் குழுவின் மேசையில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டில் வைக்க வேண்டும். அங்கெல்லாம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஆதாரம் எங்கே?

அல்ஹம்துலில்லாஹ், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் இதழியலும் சட்டமும் அரசியல் அறிவியலும் படிக்கிறார்கள். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஊடகங்கள் மீது அரசு வைத்திருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும், அதனால் விளைந்த நன்மை தீமைகளும் அவர்களில் பலர் விரும்பி எடுக்கும் பொருளாக இருக்கிறது. நல்ல பொருள், நமக்கு வேண்டிய பொருள். ஆனால் அந்த ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளைப் புரட்டினால் என்ன இருக்கிறது? பத்திரிகைத் தலைப்புகள், யாரோ எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த வரிகள், முழுதாகப் படிக்காத தீர்ப்புகள். எதிர்த்தரப்பில் ஒருவர் மூல ஆவணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றால், மூன்றாண்டு உழைப்பு மூன்று நிமிடத்தில் சரிந்துவிடும்.

நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நியாயத்தைத் தாங்கி நிற்கும் ஆதாரமும் பழுதற்றதாக இருக்க வேண்டும். எளியவனின் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தால், அதை வைத்தே முழு வாதத்தையும் தள்ளிவிடுவார்கள். இதைச் சில உண்மை நிகழ்வுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

பாதி மட்டும் சொல்லப்படும் தீர்ப்பு

இந்தியாவில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு உரிமை நெடுங்காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது. அதற்கு அடிப்படை, வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். 1991இல் வளைகுடாப் போரை சி.என்.என். செயற்கைக்கோள் வழியாகக் காட்டியபோது அந்தக் கோட்டையில் முதல் விரிசல் விழுந்தது. அதே ஆண்டில் ஸ்டார் டி.வி., 1992இல் ஜீ டி.வி., 1993இல் தமிழில் சன் டி.வி. என்று சேனல்கள் வரிசையாக வந்தன. தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி ஓடியது. 1995இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் வந்தது. 2000இல் தனியார் எஃப்.எம். வானொலிக்கு ஏலம் நடந்தது. 2002இல் செய்திப் பத்திரிகைகளில் 26 சதவீத அந்நிய நேரடி முதலீடு அனுமதிக்கப்பட்டது. 2020களின் முற்பகுதியில் அனுமதி பெற்ற தனியார் சேனல்களின் எண்ணிக்கை சுமார் 900ஐத் தொட்டது.

இந்த வரலாற்றை எழுதும் எவரும் ஒரு தீர்ப்பைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தூர்தர்ஷன் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. 'அலைவரிசைகள் பொதுச் சொத்து' என்ற புகழ்பெற்ற கருத்து அதில்தான் உள்ளது. 'அரசின் ஏகபோகத்தை உடைத்துத் தனியார் சேனல்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு' என்று பலரும் எழுதுகிறார்கள்; ஆய்வேடுகளிலும் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்?

நீதிபதி பி.பி. சாவந்த், தமக்காகவும் நீதிபதி எஸ். மோகனுக்காகவும் ஒரு தீர்ப்பை எழுதினார். நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தனியாக ஒரு தீர்ப்பை எழுதினார். அலைவரிசைகள் பொதுச் சொத்து. ஆகவே பொது நலனுக்காக அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் எல்லா நலன்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் சுதந்திரமான தன்னாட்சி அமைப்பு ஒன்றை மத்திய அரசு உடனே ஏற்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. அது மட்டுமா? தனியார் ஒலிபரப்பு நிலையம் அமைக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில் அடங்காது என்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள ஊடகத்தைவிடத் தனியார் நிலையங்கள் குடிமக்களின் கருத்துரிமைக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடும் என்றும் எச்சரித்தார்.

இப்போது சொல்லுங்கள்! கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பா இது? அரசும் முதலாளியும் ஆகிய இரு தரப்பிடமிருந்தும் அலைவரிசையைக் காக்கச் சொன்ன தீர்ப்பு அல்லவா? 'எல்லாப் பிரிவினரையும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் நாமும் அடக்கம். தலித் மக்களும் அடக்கம். மலைவாழ் மக்களும் அடக்கம். அப்படியோர் அமைப்பை உருவாக்க 1997இல் ஒலிபரப்பு மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்டதும் அது காலாவதியானது. 2001இல் வந்த இன்னொரு மசோதாவும் நிறைவேறவில்லை. சேனல்கள் பெருகின, தீர்ப்பு கேட்ட அமைப்பு வரவேயில்லை.

ஊடகத்தால் பாதிக்கப்பட்டோம் என்று சொல்லும் மாணவனுக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேறென்ன வேண்டும்? உச்ச நீதிமன்றமே சொல்லி, நிறைவேற்றப்படாமல் கிடக்கும் ஒன்று! தீர்ப்பை முழுதாகப் படிக்காமல், அதைப் பற்றிய ஒரு வரியை மட்டும் எடுத்து எழுதியவன் கையிலிருந்த வாளைத் தொலைத்துவிட்டு உறையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறான்.

நமக்கு இனிக்கும் மேற்கோள்

மற்றவர் விட்டதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நேர்மை ஆகாது. நாம் விரும்பி எடுத்துக்காட்டும் தீர்ப்பையும் பார்ப்போம்.

2020 மார்ச்சில் டெல்லி தப்லீக் ஜமாஅத் நிகழ்வை வைத்துத் தொலைக்காட்சிகள் நடத்திய பிரச்சாரத்தை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அந்நிகழ்வுக்கு வந்திருந்த வெளிநாட்டவர் மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் பெரும் பிரச்சாரம் செய்தன என்றும், அந்த வெளிநாட்டவர் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் நீதிபதி டி.வி. நலாவடே எழுதினார். நம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நூறு முறை எடுத்துரைக்கப்பட்ட தீர்ப்பு இது.

ஆனால் அவருடன் அமர்ந்த நீதிபதி எம்.ஜி. செவ்லிகர், வழக்குகளை ரத்து செய்யும் முடிவை ஏற்றுக்கொண்டு, தீர்ப்பிலுள்ள சில கருத்துகளில் தமக்கு உடன்பாடில்லை என்று தனியே பதிவு செய்தார். இதை நம்மில் எத்தனை பேர் சொன்னோம்? சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? 'இரண்டு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்' என்று நம் மாணவி எழுதுவாள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் புன்னகையோடு அந்த இரண்டாவது பதிவை எடுத்து நீட்டுவார். அவள் எழுதிய மற்ற நூறு உண்மைகளும் அந்த ஒரு கணத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

உள்ளதை உள்ளபடி எழுதினால் நமக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. இரு நீதிபதிகளும் சேர்ந்து வழக்கை ரத்து செய்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது. ஊடகப் பிரச்சாரம் பற்றிய கருத்து நீதிபதி நலாவடே எழுதியது என்று சரியாகப் பெயரிட்டுச் சொன்னால் அதுவும் நிற்கிறது. அளவோடு சொன்ன உண்மையை யாராலும் அசைக்க முடியாது.

மைனாட் நகரத்துக் கதை

ஊடகக் கட்டுப்பாடு தளர்வைப் பற்றி எழுதும் உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் அமெரிக்காவைத்தான் முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளிலும் அந்நாட்டுப் புத்தகங்களே அதிகம் எடுத்தாளப்படுகின்றன. ஆகவே அங்கிருந்தும் ஒரு செய்தி.

1996 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அடியோடு நீக்கியது. அதுவரை 40 நிலையங்கள்தான் எல்லை. கிளியர் சேனல் என்ற நிறுவனம் சில ஆண்டுகளிலேயே 1,200க்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. ஊருக்கு ஊர் இருந்த அறிவிப்பாளர்கள் குறைந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் பதிவு செய்த நிகழ்ச்சி பல ஊர்களில் ஒலித்தது.

2002 ஜனவரி 18. வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகருக்கு அருகே நள்ளிரவு கடந்து ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. அமோனியா ஏற்றிவந்த டாங்கிகள் வெடித்து நச்சுப் புகை ஊரைச் சூழ்ந்தது. அந்நகரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலுக்கே சொந்தம். எச்சரிக்கை ஒலிபரப்பச் சொல்லிக் காவல்துறை தொலைபேசியில் அழைத்தது. எடுக்க ஆள் இல்லை! 'முதலாளியின் லாப வெறி மக்களைச் சாகவிட்டது' என்று இந்தக் கதை புத்தகத்துக்குப் புத்தகம் சொல்லப்பட்டது.

உருக்கமான கதை. நம் வாதத்துக்கு மிகவும் பொருத்தமான கதை. அதனால்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விபத்தை விசாரித்து 2004இல் அறிக்கை வெளியிட்டது. ஒருவர் இறந்தார், 11 பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர், 300க்கு மேற்பட்டோர் லேசாகப் பாதிக்கப்பட்டனர் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஆனால் 'மக்கள் மடிந்தார்கள்' என்று பன்மையில் எழுதியவர்களும் உண்டு. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை முறையாக இயக்கியிருந்தால் நிலையத்தில் யாரும் இல்லாவிட்டாலும் செய்தி ஒலித்திருக்கும் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. குற்றம் யாருடையது என்ற விவாதம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. இந்த மறுப்பைக் குறிப்பிடாத புத்தகங்கள் பல.

ஆய்வு மாணவன் என்ன செய்ய வேண்டும்? கதையை விட்டுவிட வேண்டுமா? தேவையில்லை. ஓர் ஊரின் ஆறு வணிக நிலையங்களும் ஒரே கையில் இருந்தன என்பது உண்மை; அதை எழுதட்டும். இறந்தவர் ஒருவர் என்பதை விசாரணை அறிக்கையிலிருந்து எழுதட்டும். தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்பதைக் காவல்துறையின் கூற்றாகவும், எச்சரிக்கைக் கருவி பற்றியதை நிறுவனத்தின் கூற்றாகவும் பிரித்து எழுதட்டும். பிறகு கேட்கட்டும்: ஆறு நிலையங்களும் ஆறு பேர் கையில் இருந்திருந்தால், ஒரு கதவு திறக்காதபோது இன்னொரு கதவைத் தட்டியிருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியை எந்த வழக்கறிஞரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். பத்துப் புத்தகங்கள் ஒரு செய்தியைச் சொல்வதால் பத்துச் சாட்சிகள் ஆகிவிடாது. பத்தும் ஒரே நாளிதழ்க் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒருவரே.

ஆதாரம் இல்லாமல் தோற்ற சிறுபான்மையினர்

அதே அமெரிக்காவில் நடந்த இன்னொரு வழக்கு நாம் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது.

ஒரே ஊரில் நாளிதழையும் ஒளிபரப்பு நிலையத்தையும் ஒருவரே வைத்திருக்கக் கூடாது என்று 1975இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் விதி செய்தது. 2017இல் அதே ஆணையம் அந்த விதியை நீக்கியது. பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் சொந்தமாக நிலையம் நடத்தும் வாய்ப்பை இது பாதிக்குமே, அதை ஆராய்ந்தீர்களா என்று பொதுநல அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையம் இதைச் சரியாக ஆராயவில்லை என்று சொல்லி உத்தரவை ரத்து செய்தது. ஆனால் 2021 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு மாற்றுக் குரலும் இல்லாமல் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

காரணம் என்ன? கிடைத்த தகவல்கள் குறைபாடு உள்ளவை என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். ஆனால் ஆணையம் பல முறை கருத்துக் கேட்டும், விதி நீக்கம் சிறுபான்மையினருக்குத் தீங்கு செய்யும் என்று காட்டும் எதிர் ஆதாரம் போதுமான அளவில் வரவில்லை என்று நீதிமன்றம் பார்த்தது. எதிர்த்தரப்பு காட்டிய ஆய்வுகள் முன்பு நடந்ததைப் பேசின. இனி நடக்கப் போவதைக் கணக்கிட்டுச் சொல்லவில்லை. ஆணையமே ஆய்வு நடத்த வேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை என்று சொல்லி வழக்கை முடித்தார்கள்.

இது நியாயமா என்று கேட்கலாம். புள்ளிவிவரம் திரட்டும் பணமும் ஆளும் அரசிடம் இருக்கும்போது, பாதிக்கப்படுபவன் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது எந்த ஊர் நீதி? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உலகம் இப்படித்தான் இயங்குகிறது. வலியவன் 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொன்னால் போதும். எளியவன் 'இதோ கணக்கு' என்று காட்டினால்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே ஒரு மாணவியின் ஆய்வேட்டிலுள்ள நேர்மையான ஒரு பட்டியல், நாளை ஒரு சமுதாயத்தின் வழக்கில் சாட்சியாகக்கூடும். அதைப் பட்டம் வாங்குவதற்கான காகிதமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள்!

செய்ய வேண்டியவை

ஆய்வு எழுதும் மாணவச் செல்வங்களே, சில நடைமுறைச் செய்திகள் உங்களுக்காக.

முதலாவது, மூலத்துக்குப் போங்கள். தீர்ப்பைப் பற்றி எழுதினால் தீர்ப்பைப் படியுங்கள். சட்டத்தைப் பற்றி எழுதினால் சட்டத்தைப் படியுங்கள். பிறர் எழுதிய புத்தகம் மூலத்துக்கு வழிகாட்டும் கைகாட்டி மரம். கைகாட்டி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டு ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லக் கூடாது. மூலத்தைப் பார்க்க முடியாத இடத்தில், 'இன்னாருடைய நூலில் எடுத்துக்காட்டப்பட்டபடி' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டாவது, ஆவணத்தின் தகுதியை அறியுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஊடக உடைமை பற்றி 2013இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. பல தரப்பினரின் கருத்துகளைப் பெற்று 2014 ஆகஸ்டில் பரிந்துரைகளை அளித்தது. அரசியல் கட்சிகள் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கட்சிக்கொரு சேனல் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை! ஆனால் 'டிராய் தடை செய்தது' என்று எழுதினால் பிழை. கலந்தாய்வு என்பது கேள்வி. பரிந்துரை என்பது யோசனை. சட்டம் என்பது கட்டளை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது.

மூன்றாவது, பேசுபவர் யார் என்று பாருங்கள். வணிகர்களின் கூட்டமைப்பான ஃபிக்கி, ஆலோசனை நிறுவனத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஊடகத் தொழில் பற்றிய அறிக்கை வெளியிடுகிறது. விளம்பர வருவாய் எவ்வளவு, சந்தாதாரர் எத்தனை பேர் என்று அறிய அது பயன்படும். அந்த வளர்ச்சி மக்களுக்கு நல்லதா என்ற கேள்விக்கு அதே அறிக்கையைத் தீர்ப்பாக வைக்க முடியுமா? கடைக்காரரிடம் சரக்கின் விலையைக் கேட்கலாம்; தரத்துக்கு அவருடைய சொல்லை மட்டும் நம்பி வாங்குவோமா? இதே அளவுகோலை நமக்கு ஆதரவான அமைப்புகளின் அறிக்கைகளுக்கும் வையுங்கள். அவர்கள் யாரைக் கேட்டார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்?

நான்காவது, தேதியைப் பாருங்கள். 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்துப் பழைய சட்டமே இன்றும் நடப்பதாக எழுதினால், முதல் பக்கத்திலேயே மதிப்பு போய்விடும்.

ஐந்தாவது, எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தை நீங்களே எடுத்து எழுதுங்கள். கட்டுப்பாடு தளர்வை ஆதரிப்போர் எல்லாரும் முதலாளிகளின் கைக்கூலிகள் அல்ல. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது அகில இந்திய வானொலி ஆட்சியாளரின் குரலாக மட்டுமே ஒலித்ததைக் கண்டவர்கள் அவர்களில் உண்டு. அரசின் பிடி தளர்ந்தால்தான் உண்மை வெளிவரும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் இருந்த நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகு, அரசின் பிடியிலிருந்து நழுவியது யார் கையில் போய் விழுந்தது என்று கேளுங்கள். வாசகர் உங்களை நம்பத் தொடங்குவார்.

ஆறாவது, பிறர் எழுத்தைத் திருடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென விதிமுறைகள் வகுத்துள்ளது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 40 சதவீதத்தைத் தாண்டினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. பிறர் சொல்லைத் தன் சொல்லாக எழுதுபவன், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற தடயத்தையும் அழித்துவிடுகிறான். பின்னால் வருபவர் சரிபார்க்க வழியில்லாமல் போகிறது.

நம்மிடம் இருந்த கலை

இதெல்லாம் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டாம். ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தோடு, யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையையும் சேர்த்தே பதிவு செய்த பாரம்பரியம் நம்முடையது. அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் எங்கே வாழ்ந்தார், நினைவாற்றல் எப்படி, முன்னவரை நேரில் சந்தித்திருக்க முடியுமா என்று ஆராய்ந்து ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் 'பலவீனமானது' என்று முத்திரை குத்தி ஒதுக்கினார்கள். தமக்குச் சாதகமான செய்தி என்பதற்காக விதியைத் தளர்த்தவில்லை.

அந்த வழியில் வந்தவர்கள் இன்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடிக்குறிப்பாக்கலாமா? ஒளிபரப்பாளனைப் பார்த்து 'விசாரிக்காமல் செய்தி போடுகிறாய்' என்று கை நீட்டும் நாம், விசாரிக்காமல் ஆய்வேடு எழுதலாமா?

பெற்றோர்களே! பிள்ளை ஆய்வேட்டை முடித்துவிட்டேன் என்று சொன்னால், எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள். மூலத்தைப் படித்தாயா என்று கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லா நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள். முக்கியத் தீர்ப்புகள், ஆணையங்களின் அறிக்கைகள், நாடாளுமன்றக் குழு ஆவணங்கள் ஆகியவற்றை முழுதாக அச்செடுத்து வையுங்கள். பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஊர் வழக்கறிஞர்களையும் பேராசிரியர்களையும் அழைத்து மாதம் ஒரு ஆவணத்தை மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஒரு மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்கு ஆகாது.

ஊடகத்தின் கட்டு அவிழ்ந்துவிட்டது. அதை மீண்டும் கட்டுவது நம் கையில் மட்டும் இல்லை. நம் பேனாவை ஒழுங்குபடுத்துவது நம் கையில்தான் இருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் கேட்ட அந்த அமைப்பு என்றேனும் உருவாக வேண்டுமானால், 'எல்லாப் பிரிவினரும்' என்ற சொல்லை எடுத்துக்காட்டி, பக்க எண்ணோடு, பிழையில்லாமல் வாதாட ஆள் வேண்டும். இன்ஷா அல்லாஹ், அந்த ஆள் இன்று ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கொண்டிருக்கலாம். அவர் கையில் பாதித் தீர்ப்பு இருக்கிறதா, முழுத் தீர்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

சிந்திப்போம்! செயல்படுவோம்!